மெக்னீசியம் மாத்திரை வாங்கப் போகும் முன்

நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் மறுநாளே மெக்னீசியம் மாத்திரை வாங்குவது இப்போது பரவலாகிவிட்டது. வயதானவர்களுக்கு வரும் அந்தப் பிடிப்பை மெக்னீசியம் பெரிதாகத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று 2020-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்துபோய், அது தெரியாமலே நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நீங்களும் ஒருவரா என்று பார்க்க, முதலில் வீட்டு மருந்துப் பையைத் திறங்கள்.

பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’ பல மாதங்களாக ஓடுகிறதா? இந்த மாத்திரைகளை நீண்டநாள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், எடுப்பவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகே ஏறியது. அடுத்தது, பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ கொடுக்கும் ‘நீர் மாத்திரை’. ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டுமே மெக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் இதையேதான் செய்கிறது. நாள்பட்ட வயிற்றுப்போக்கும் தினசரி மதுவும் மற்ற காரணங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் சந்தேகத்தை விடவே கூடாது. அதற்காக எந்த மாத்திரையையும் தானாக நிறுத்திவிடாதீர்கள். இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தொடக்க அறிகுறிகள் எல்லா நோய்க்கும் பொதுவானவை: பசியின்மை, குமட்டல், அசதி. குறைபாடு முற்றினால் கை கால் மரத்துப்போகும், தசை துடிக்கும், பிடிக்கும். வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். அந்த நிலையில் மாத்திரைக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் வழியாக மெக்னீசியம் சல்பேட் ஏற்ற வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதும்போது ‘சீரம் மெக்னீசியம்’ என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். வழக்கமான ‘எலக்ட்ரோலைட்ஸ்’ ரிப்போர்ட்டில் சோடியம், பொட்டாசியம், குளோரைடுதான் இருக்கும். கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள், அதன் காரணம் கீழே வருகிறது. மெக்னீசியம் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. லேபுக்கு லேப் சற்று மாறும். உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் ரத்தத்தில் ஓடுவது 1 சதவீதத்துக்கும் குறைவு, பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் குறைவு என்று வந்தால் உறுதியாக நம்பலாம். இயல்பு என்று வந்தால் முழுதாக நம்பிவிட முடியாது. இன்னொரு தடயமும் உண்டு: பொட்டாசியம் சிரப் குடித்தும் பொட்டாசியம் திரும்பத் திரும்ப இறங்குகிறதா? மெக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காது. மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் அது நிற்காது. மெக்னீசியம் மிகவும் குறைந்தால் கால்சியமும் இறங்கும், மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் அதுவும் ஏறாது.

சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை ஆண்களுக்கு நாளொன்றுக்கு 440 மில்லிகிராம், பெண்களுக்கு 370. தவிடு நீக்கிய வெள்ளை அரிசி 100 கிராமில் 20 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. மெக்னீசியம் தவிட்டோடு போய்விடுகிறது. அதே 100 கிராம் கேழ்வரகில் 140-க்கு மேல், கம்பில் 120-க்கு மேல். ஒரு வேளை 60 கிராம் கேழ்வரகு மாவில் களியோ அடையோ, சாயங்காலம் 100 கிராம் அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை என்றால் மொத்தம் 190 வரும். 30 கிராம் பூசணி விதை மட்டுமே 150-க்கு மேல் தரும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மெக்னீசியம் அதில் கரைந்து இறங்கியிருக்கும்.

சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாதபோது மாத்திரை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டப்பாவின் முன்பக்கம் ‘மெக்னீசியம் சிட்ரேட் 1000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். அது மெக்னீசியமும் சிட்ரேட்டும் சேர்ந்த உப்பின் மொத்த எடை. சிட்ரேட்டில் மெக்னீசியம் ஏறக்குறைய 16 சதவீதம், அதாவது உங்களுக்குக் கிடைப்பது 160 மி.கி. கிளைசினேட்டில் சுமார் 14 சதவீதம். ஆக்ஸைடில் 60 சதவீதம் இருந்தாலும் அது சரியாகக் கரையாது, குடல் உறிஞ்சுவது குறைவு. விலை மலிவாக இருப்பது பெரும்பாலும் இதுதான். டப்பாவைத் திருப்பி ‘எலிமென்டல் மெக்னீசியம்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணை மட்டும் கணக்கில் வையுங்கள். கிளைசினேட் என்று விற்கும் சிலவற்றில் ஆக்ஸைடும் கலந்திருக்கும், உட்பொருள் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும்.

எலிமென்டல் கணக்கில் 100 மி.கி.யில் தொடங்கி, இரவுச் சாப்பாட்டோடு எடுங்கள். ஒரு வாரம் வயிறு ஒத்துக்கொண்டால் 200. மாத்திரையால் மட்டும் வரும் அளவுக்கு அமெரிக்காவில் 350, ஐரோப்பாவில் 250 மி.கி. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்; அதைத் தாண்டுவது டாக்டர் சொன்னால் மட்டுமே. வயிற்றுப்போக்கு வந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். உறிஞ்சப்படாத மெக்னீசியம் குடலுக்குள் தண்ணீரை இழுப்பதால் வருவது அது. அளவைக் குறையுங்கள், அல்லது இரண்டு வேளையாகப் பிரியுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மிச்ச மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடியாதபோது ரத்தத்தில் தேங்கி ரத்த அழுத்தம் இறங்கும், தசை தளரும், மூச்சும் இதயமும் தடுமாறும். கிரியேட்டினின் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல் மருந்து பலவற்றிலும் மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடு உண்டு, அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மற்ற மாத்திரைகளோடு இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். காலையில் வெறும் வயிற்றில் அதை எடுப்பவர்களுக்கு இரவு மெக்னீசியம் தொந்தரவில்லை. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். சேர்த்து விழுங்கினால் ஆன்டிபயாடிக் மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் வெளியேறிவிடும், காய்ச்சல் நீளும். எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டுக்கு 2 மணி நேரம்.

பலன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? உண்மையான குறைபாட்டுக்குத் தெளிவான பலன் உண்டு. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க ஓரளவு உதவுகிறது. ஆனால் அதற்குக் கொடுப்பது நாளொன்றுக்கு 600 மி.கி. வரை என்பதால் டாக்டர் கண்காணிப்பு வேண்டும். ரத்த அழுத்தம் சுமார் 2 புள்ளி இறங்கும், அதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தூக்கத்துக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்த வெந்நீரில் காலை வைத்தால் இதமாக இருக்கும், ஆனால் தோல் வழியாக மெக்னீசியம் ஏறும் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். அளவு ஏறியிருந்தால் டாக்டரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தி, பிறகு இன்னொரு முறை பாருங்கள். திரும்பவும் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை இன்னும் அடைபடவில்லை. அந்த ரிப்போர்ட்டையும் கேஸ் மாத்திரை, நீர் மாத்திரை அட்டைகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.