பழைய ரயில் பாதையில் முதல் மவுண்டன் பைக் பயணம்: பிரான்ஸில் மஸமே முதல் பெதாரியூ வரை

மவுண்டன் பைக் வாங்கிய கையோடு மலைக்குப் போக வேண்டாம். முதலில் ரயில் பாதைக்குப் போங்கள். ரயில் ஓடுகிற பாதைக்கு அல்ல. ஓடி முடிந்து, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்து, மண்ணும் பொடிச்சரளையும் போட்டு இறுக்கிய பாதைக்கு. பிரான்ஸில் இதை 'வுவா வெர்த்' என்கிறார்கள், பச்சை வழி என்று பொருள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பல இடங்களில் குதிரைக்காரர்களும் போகலாம். மோட்டார் வண்டிக்கு இடமில்லை. நுழைவாயிலில் இவர்களின் படம் போட்ட நீலச் சதுரப் பலகை இருக்கும்.

பிரெஞ்சுக் கிராமப்புறங்களில் இப்படிப்பட்ட பாதைகள் இத்தனை கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1878-79இல் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஃப்ரெய்சினே, சின்ன மாவட்டத் தலைநகர்கள் எல்லாவற்றுக்கும் ரயில் போக வேண்டும் என்று திட்டம் போட்டார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போட்டார்கள். பிறகு பேருந்தும் லாரியும் காரும் வந்தன, ரயிலில் ஏற ஆளில்லை, பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நமக்கு மிஞ்சியவை பாலங்கள், சுரங்கங்கள், கேட்கீப்பர் வீடுகள், அப்புறம் மிக மிக மெதுவான ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றுவது அரிது. இந்த மூன்று சதவீதக் கணக்குதான் புதியவருக்கு வரம். தொல்லையும் அதுவேதான், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

1. பாதையைத் தேர்ந்தெடுத்தல்

பர்கண்டியில் கிவ்ரியிலிருந்து க்ளுனி வரை போகும் பாதை பெயர்பெற்றது. 1997இல் திறந்தார்கள், 44 கிலோமீட்டர். ஆனால் அது தார் போட்டது. பட்டன்போலப் புடைப்புகள் உள்ள டயர் போட்ட வண்டியைத் தாரில் உருட்டினால் டயர் முனகும், வேறொன்றும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். எனக்குப் பிடித்தது தெற்கே, ஓ-லாங்க்தொக் மலைப்பூங்காவுக்குள் ஓடும் 'பாஸா பாயிஸ்'. மஸமே ஊரிலிருந்து பெதாரியூ வரை சுமார் 80 கிலோமீட்டர். பெரும்பகுதி இறுக்கிய மண்ணும் சரளையும்தான். இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இன்னும் இயங்குகிறது. மஸமேக்குத் துலூஸிலிருந்து வரலாம், பெதாரியூவிலிருந்து பெஸியே போகலாம். போன வழியே திரும்பி மிதிக்க வேண்டியதில்லை.

மஸமேயிலிருந்து கிழக்கே போங்கள். முதல் பகுதி ஏற்றம், மிச்சம் பெரும்பாலும் இறக்கம். ஒரே நாளில் 80 கிலோமீட்டர் என்று வீரம் காட்ட வேண்டாம். பாதிக்குச் சற்று முன்னால் வரும் சேன்-பொன்ஸ் ஊரில் இரவு தங்கினால் இரண்டாம் நாள் பெரும்பாலும் இறக்கம்தான்.

2. வண்டியைத் தயார் செய்தல்

சீட் உயரம்தான் முதல் வேலை. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. புதியவர்கள் தரையில் முழுப்பாதம் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கிவிடுகிறார்கள். பத்தாவது கிலோமீட்டரில் முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

காற்று: 2.2 அங்குல டயர், 70 கிலோ ஆள் என்றால் 2 பார் காற்றழுத்தம் போதும். கல்லாக அடித்தால் சரளையின் ஒவ்வொரு குலுக்கலும் கைக்கு ஏறும். பிரெஸ்டா வால்வு என்றால் மெல்லிய முனையில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு, ஒரு தட்டுத் தட்டி, பிறகு பம்பை வையுங்கள். நம் ஊர் சைக்கிள் பம்ப் இதில் அப்படியே பொருந்தாது.

கூடவே ஒரு டியூப், டயரைக் கழற்றும் நெம்புகோல் (டயர் லீவர்) இரண்டு, கைப்பம்ப், அறுகோணச் சாவி. கடையில் டியூப் கேட்க 'சாம்ப்ர் ஆ ஏர்' என்று சொல்லுங்கள், காற்று அறை! மவுண்டன் பைக்குக்கு அங்கே 'வே-தே-தே' என்று பெயர்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். மணி கட்டாயம், இருட்டில் விளக்கு கட்டாயம், ஊருக்கு வெளியே இரவிலும் வெளிச்சம் குறைந்த நேரத்திலும் ஒளிரும் மேலாடை கட்டாயம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். பெரியவர்களும் போடுங்கள், சட்டத்துக்காக இல்லை. காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் அபராதம்.

3. ஏற்றத்தை ரயில்போல ஏறுதல்

தொல்லை என்று சொன்னேனே, அது இங்கேதான். மலைச்சாலையில் ஏற்றம் தெரியும், மூச்சு வாங்கும், மேலே போனதும் இறக்கம் வரும். ரயில் பாதையில் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. சமதளம் என்று நினைத்து மிதிப்பீர்கள், வண்டி ஏனோ இழுக்கும். பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்ப்பீர்கள். நான் மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. பாதைதான் கிலோமீட்டர் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

சந்தேகம் வந்தால் பக்கத்து ஆற்றைப் பாருங்கள். மஸமேக்குப் பிறகு தொரே ஆறு உங்களுக்கு எதிரே வரும். தண்ணீர் எதிரே வந்தால் நீங்கள் ஏறுகிறீர்கள், அவ்வளவுதான் கணக்கு. உடனே ஒரு கியர் இறக்குங்கள். நிமிடத்துக்கு 75, 80 சுற்று என்று கால் இலகுவாகச் சுழல வேண்டும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னொரு கியர் இறக்குங்கள். ரயில் குதித்து ஏறுவதில்லை. ஒரே சீராகத்தான் ஏறுகிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கவையில், அதாவது ஃபோர்க்கில், பூட்டு இருந்தால் ஏறும்போது பூட்டிவிடுங்கள், மிதிக்கிற பலம் ஸ்பிரிங்கில் வீணாகாது.

4. குறுக்கே சாலை வந்தால்

பாதை அங்கங்கே கிராமச் சாலையை வெட்டும். ரயில் காலத்தில் கேட் போட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். இப்போது நிற்க வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள்தான், பலகையைப் பாருங்கள். கார் நுழையாதிருக்க வைத்த தடுப்புகளுக்கு நடுவே இடைவெளி குறுகலாக இருக்கும். மவுண்டன் பைக் ஹேண்டில்பார் அகலம் 75 சென்டிமீட்டருக்கு மேல் போகும். விரல் நசுங்காமல் இருக்க, நடை வேகத்துக்குக் குறைத்து நுழையுங்கள். குதிரை எதிரே வந்தால் மணி அடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து 'போன்ஜூர்' என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை எளிதில் மிரளாது.

5. சுரங்கத்துக்குள்

லாபஸ்தித்-ருவேரூ ஊரைத் தாண்டியதும் ஃபெனிய் சுரங்கம், 769 மீட்டர். வெயில் நேரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே போனவன் நான். ஐந்து விநாடிக்கு உலகம் அணைந்துபோயிற்று. கண்ணாடியைக் கழற்ற ஒரு கையை எடுத்தேன், சக்கரம் ஓரத்து ஈரத்தில் வழுக்கியது, தோள் சுவரில் உரசியது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட சுவர் அது, என் சட்டைதான் கிழிந்தது.

அதனால் செய்ய வேண்டியது இது. வாசலுக்கு இருபது மீட்டர் முன்பே நின்று கண்ணாடியைக் கழற்றுங்கள், விளக்கைப் போடுங்கள், மெல்லிய ஜாக்கெட் மாட்டுங்கள். கோடையிலும் உள்ளே குளிரும், கூரையிலிருந்து சொட்டும். உள்ளே விளக்கு இருக்கும் என்று நம்பாதீர்கள், சொந்த விளக்கு வேண்டும். வலப்பக்கமாக, ஆனால் ஓரத்துக் கால்வாயை விட்டு ஒரு முழம் தள்ளி ஓட்டுங்கள்.

இந்தச் சுரங்கம் ஒரு நீர்ப்பிரிப்பு மேட்டைத் துளைத்துப் போகிறது. மேற்கே விழும் மழை தொரே வழியாகக் கடைசியில் அட்லாண்டிக்குக்குப் போகும். கிழக்கே விழுவது ஜோர், ஓர்ப் ஆறுகள் வழியாக மத்தியதரைக் கடலுக்கு. இருட்டில் நுழையும்போது பச்சைப் புல்வெளியும் ஈரக் காடும், வெளியே வந்து கொஞ்ச தூரம் போனால் கஷ்கொட்டை மரம், வெயில், பிறகு திராட்சைத் தோட்டம்.

6. இறக்கத்தில்தான் மவுண்டன் பைக் பாடம்

கூர்னியூ, சேன்-பொன்ஸ், ஒலார்க் ஊர்கள் வரை இனி தண்ணீர் உங்கள் கூடவே ஓடும். ஃபோர்க் பூட்டைத் திறந்துவிடுங்கள். இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக வைத்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்துங்கள். பின்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரே ஒரு விரல். முன் பிரேக்கைச் சரளையில் பிடுங்காதீர்கள், பிழிந்து பிழிந்து விடுங்கள். திருப்பத்துக்கு முன்பே வேகம் குறைய வேண்டும், திருப்பத்துக்குள் இல்லை. இந்தச் சாய்வில் தப்பு செய்தாலும் வண்டி ஓடிப்போகாது, அதனால்தான் இங்கே பழகச் சொல்கிறேன்.

ஒலார்க்கில் இரும்புப் பாலத்தின் மேல் ஒரு தடவை நில்லுங்கள். கீழே ஜோர் ஆறு, எதிரே குன்றின் மேல் ஊர். பிறகு மோன்ஸ் வரும்போது வடக்கே கரூ மலை தலைக்கு மேல் நிற்கும், 1091 மீட்டர். அங்கேயும் தடங்கள் உண்டு. பிரெஞ்சு சைக்கிள் கூட்டமைப்பின் குறி ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும். பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். பச்சையில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வாருங்கள். சிவப்பு இன்னொரு வருஷத்துக்கு.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். காட்டுத் தடத்தின் வாயில் 'ஷாஸ் ஆன் கூர்' என்று பலகை வைத்திருந்தால், வேட்டை நடக்கிறது என்று பொருள். அன்றைக்கு ரயில் பாதையை விட்டு இறங்காதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள்.

7. சோறு, தண்ணீர், ரயில்

கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும், திங்கட்கிழமை பல பேக்கரிகள் திறக்கவே மாட்டார்கள். காலையிலேயே ரொட்டி வாங்கிப் பையில் வையுங்கள். தண்ணீருக்கு ஒரு யோசனை: ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற வாசலருகே குழாய் இருக்கும். 'நோன் போத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

பெதாரியூவில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். நேரத்தை முன்பே பாருங்கள். கோடையில் வண்டிக்கு இடம் பதிவு செய்ய வேண்டுமா என்பதையும் பாருங்கள். பெட்டியில் முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டி வண்டியைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிடுங்கள். கீழே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் நான் மன்னிப்புக் கேட்டதோடு போகட்டும்.