டைம்லாப்ஸ் எடிட்டிங்: நான் செய்து கெட்ட தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணா, லைட்ரூம்ல எல்லாப் படத்துலயும் ஆச்சரியக்குறி வருது." லைட்ரூம் என்பது படம் திருத்தும் மென்பொருள்; அதில் ஆச்சரியக்குறி வந்தால் ஃபைலைக் காணோம் என்று அர்த்தம். ஃபோல்டரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நான் முன்பு ஆடிய அதே கூத்து. ட்ரைபாட் ஆடுவது, பேட்டரி தீர்வது எல்லாம் ஒரு முறை பட்டால் தானாகப் புத்தி வந்துவிடும், அதை விடுங்கள். டைம்லாப்ஸுக்காக (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டும் வீடியோ) எடுத்த படங்கள் கணினிக்கு வந்த பிறகு நடக்கும் கூத்துகளைச் சொல்கிறேன்.

எடிட் செய்தபின் பெயர் மாற்றுவது

கன்னியாகுமரியில் விடிகாலை 4.45-க்குத் தொடங்கினேன். வள்ளுவர் சிலை ஃப்ரேமில், 5 விநாடிக்கு ஒரு படம், மொத்தம் 1,400 ரா ஃபைல்கள் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் படங்கள்). விநாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் 56 விநாடி வீடியோ. நடுவில் கேமராவின் எண் 9999-ஐத் தொட்டு மறுபடி 0001-க்குப் போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

லைட்ரூமில் நேர வரிசையில் வைத்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைப் படிப்படியாகச் சரிசெய்ய இரண்டு ராத்திரி போனது. அதை எக்ஸ்எம்பி ஃபைல்களாகச் சேமித்து, ரா படங்களை வீடியோவாக்க ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் பெயர் வரிசைப்படி இறக்கினேன். முதலில் பளீரென்று பகல், அப்புறம் திடீரென்று கும்மிருட்டு. சரி, பெயர்தானே என்று விண்டோஸிலேயே ரா ஃபைல்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டேன்.

அங்கேதான் கெட்டது. ரா ஃபைலுக்குள் எடிட் இருக்காது. பக்கத்தில் அதே பெயரில் நிற்கும் எக்ஸ்எம்பி ஃபைலில் இருக்கும். ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினால் மற்றது அநாதை. (டிஎன்ஜி என்ற ரா வகை என்றால் எடிட் உள்ளேயே எழுதப்படும், இந்த வம்பு இல்லை.) ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 1,400 படமும் எடிட் இல்லாமல் வெளிறிப்போய் வந்தன. லைட்ரூமிலோ எல்லாம் காணவில்லை. பழைய பெயரைத் திருப்பி வைத்திருந்தாலே தப்பித்திருப்பேன். அவசரக்குடுக்கை நான், காணாமல் போனவற்றை லைட்ரூமின் படப் பட்டியலான கேட்டலாக்கிலிருந்து நீக்கி, புதிதாக இறக்கி, பழைய எக்ஸ்எம்பிகளைக் குப்பை என்று அழித்தும் விட்டேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

பெயர் மாற்றுவதென்றால் லைட்ரூமுக்குள்ளேயே மாற்றுங்கள். எக்ஸ்எம்பியும் கூடவே மாறும். நேர வரிசையில் அடுக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃப்2 அழுத்தி, 0001 என்று நான்கு இலக்கம் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால் சில மென்பொருள்கள் 1, 10, 100 என்று வரிசை பிடிக்கும். இதை முதல் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். அந்தத் தம்பிக்கு அதிர்ஷ்டம், எக்ஸ்எம்பிகளை அழிக்கவில்லை. எடிட்டோடு திரும்பிப் போனான்.

காக்கா பறந்த படத்தை நீக்குவது

எண்ணில் ஓட்டை விழும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அந்த இடத்தில் வண்ணப் பட்டைகளைக் காட்டும். இன்னொரு வீடியோ மென்பொருளான டாவின்சி ரிசால்வ் வரிசையை இரண்டு கிளிப்பாக உடைத்துவிடும். முந்தைய படத்தை நகலெடுத்து அந்த எண்ணில் வையுங்கள்.

ஃப்ரேம் ரேட்டைப் பார்க்காமல் இறக்குவது

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பட வரிசையை நீங்கள் மாற்றாதவரை விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றே எடுத்துக்கொள்ளும். என் 56 விநாடி 47-க்கும் கீழே போய்விடும். ப்ரிஃபரன்ஸில் இம்போர்ட் பகுதியில் மாற்றலாம்.

இடையில் ஜேபெக்காகச் சேமிப்பது

வேண்டாம். விடியற்கால வானம் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட் டிஃப் (TIFF) படங்களாகச் சேமியுங்கள்.