இறக்கிய காருக்கு ஷாக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரை இறக்கியதும், அதாவது குட்டையான ஸ்பிரிங் போட்டு அதன் உயரத்தைக் குறைத்ததும், முதலில் கண்ணில் படுவது டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே குறைந்துபோன இடைவெளி. கார் அழகாகத்தான் நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்திருக்கும். ஷாக்கின் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரின்) தண்டு உள்ளே போய் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டுவதற்கு முன் அதற்குக் கிடைக்கும் தூரம் அது. டிராவல் என்பார்கள். கம்பெனி உயரத்தில் 70 மி.மீ. டிராவல் இருந்த ஒரு காரை 40 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 30. இந்த 30-ஐ மறந்துவிட்டு பிராண்ட், விலை, நிறம் என்று பேசத் தொடங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

நம் சாலைகளில் இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொன்ன அளவுப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் வசதியாக ஏறி இறங்கத்தான் அந்த அளவு. தெருவில் நாம் பார்ப்பவை பலவும் அதைவிடக் குறுகலாக, செங்குத்தாக இருக்கின்றன. 30 மி.மீ. டிராவலோடு அதில் ஏறும் கார், ஸ்பிரிங்கில் போவதை விட பம்ப் ஸ்டாப்பில்தான் அதிக நேரம் போகும்.

கோயம்புத்தூரில் ஓட்டும் என் போலோ காரில் நான் முதலில் செய்தது இதே தவறு. லோயரிங் ஸ்பிரிங் மட்டும் வாங்கி, 60,000 கி.மீ. ஓடிய பழைய ஷாக்கிலேயே போடச் சொன்னேன். போட்ட இடத்திலும் யாரும் தடுக்கவில்லை. முதல் வாரம் மகிழ்ச்சியாக ஓடியது. அப்புறம் அவிநாசி சாலையில் ஒவ்வொரு ஒட்டுக்கும் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடி நின்றது. ஏழெட்டு மாதத்தில் முன் ஷாக் இரண்டிலும் ஆயில் கசிவு. ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் திரும்பப் போனது.

ஏன் அப்படி ஆயிற்று? டிராவல் குறைந்ததை ஈடுகட்ட லோயரிங் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாகச் செய்வார்கள். ஸ்பிரிங் கடினமானால், அமுங்கியபின் அது திரும்ப எழும் வேகத்தைப் பிடித்து நிறுத்த ஷாக்குக்கும் கூடுதல் வலு வேண்டும். ஸ்பிரிங் 40 சதவீதம் கடினமானால், அதே அடக்கத்தைத் தக்கவைக்க ஷாக்கின் எதிர்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூட வேண்டும் (1.4-இன் வர்க்கமூலம்தான் கணக்கு). தேய்ந்த ஷாக்கிடம் பழைய வலுவே இருக்காது. அதனால் கார் கடினமாகவும் இருக்கும், ஆட்டமும் போடும். மேலும், கம்பெனி ஷாக்கின் நீளம் பழைய உயரத்துக்கு அளந்தது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த ஸ்பிரிங்குக்கு ஷாக் நீளம் அதிகம். ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதும் தொங்கினால் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலக வாய்ப்புண்டு.

இதற்காகவே உருவானவை குட்டையான உடலும் தண்டும் கொண்ட ஷாக்குகள். பில்ஸ்டைன் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் பி6 கம்பெனி உயரத்தில் நிற்கும் காருக்கு, பி8 இறக்கிய காருக்கு. உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் ஒன்றுதான், நீளம் வேறு. "பி6 நல்ல ஷாக்" என்று யாரோ சொன்னதை வைத்து இறக்கிய காருக்கு அதையே வாங்கினால், நல்ல ஷாக்கைத் தவறான இடத்தில் மாட்டியதாகிவிடும். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து, அது எந்த உயரத்துக்கானது என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும், இருக்கையில் சரியாக அமரும் நுனியும் போய்விடும். கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகின் பதம் கெட்டு, எப்போது உடையும் என்று சொல்லவே முடியாது. இந்த இரண்டையும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, பட்ஜெட் இருக்கிறது, காயில்ஓவரே வாங்கிவிடலாம் என்கிறீர்களா? அங்கேயும் டிராவல்தான் முதல் கேள்வி. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தை மாற்றும் வசதியோடு வருவதுதான் காயில்ஓவர். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை இறக்கித்தான் காரை இறக்க முடியும். இறக்க இறக்க டிராவலும் குறையும். இன்னொன்றில் ஷாக்கின் அடிப்பாகத்தைத் தனியாகத் திருகி மொத்த நீளத்தையே குறைக்கலாம், டிராவல் அப்படியே இருக்கும். அதிகம் இறக்க நினைப்பவர்கள் இரண்டாவது வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பட்டறைகளில் இன்னமும் சொல்கிறார்கள். எவ்வளவு அமுங்கினாலும் கடினம் மாறாத சாதாரண நேர்விகித ஸ்பிரிங்கில் அது உண்மையில்லை. 10 மி.மீ. இறுக்கினால் கார் கிட்டத்தட்ட அதே அளவு உயரும், கடினம் மாறாது.

எத்தனை கிலோ ஸ்பிரிங் (1 மி.மீ. அமுங்க எத்தனை கிலோ எடை வேண்டும்) என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேறு யாருடைய காரின் எண்ணையோ பார்த்துவிட்டு வருகிறார்கள். மாஸ்டா மியாட்டா என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர் 8 கிலோ போட்டிருக்கிறார் என்பதால் போலோவிலும் 8 கிலோ என்றால் அது சரிவராது. மியாட்டாவில் ஸ்பிரிங், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஆர்மின் நடுவே எங்கோ உட்காரும். போலோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களின் முன்பக்க மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பில்) அது சக்கரத்துக்கு அருகிலேயே இருக்கும். ஒரே ஸ்பிரிங் இரண்டு கார்களிலும் சக்கரத்தில் ஒரே கடினத்தைத் தராது. சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் எத்தனை பங்கு அமுங்குகிறது என்ற விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். விகிதம் 0.7 என்றால் 8 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 4 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். அலகையும் கவனியுங்கள்: மில்லிமீட்டருக்கு 1 கிலோ என்பது 9.8 நியூட்டன், அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு 56 பவுண்டு.

எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று உண்டு. கார் தன் எடையில் நிற்கும்போது சக்கரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து, கார் வினாடிக்கு எத்தனை முறை இயல்பாக ஆடும் என்று கணக்கிடலாம். 25 செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு 1 முறை. 11 செ.மீ. என்றால் ஒன்றரை, 6 செ.மீ. என்றால் 2 முறை. வீட்டுக் கார்கள் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கும். ஒன்றரைக்கு மேலே போனால் ஸ்போர்ட்ஸ் காரின் குணம் வரும். இரண்டைத் தாண்டினால் அது ரேஸ் டிராக்குக்கான கார். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாதம் ஒரு ஞாயிறு ஓட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓட்டும் காருக்கு இரண்டைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

அட்ஜஸ்ட் செய்யும் ஷாக்கை வாங்கியவுடன் எல்லாக் கிளிக்கையும் (எதிர்ப்பை மாற்றும் திருகின் படிகளை) முழு ஹார்டுக்குத் திருப்புவது இன்னொரு பழக்கம். கோனி நிறுவனத்தின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்டை மட்டும், அதாவது ஷாக் திரும்ப விரியும்போது தரும் எதிர்ப்பை மட்டும், மாற்றலாம். கே.டபிள்யூ. நிறுவனத்தின் காயில்ஓவர்களில் வேரியன்ட் 1-இல் எந்த எதிர்ப்பையும் மாற்ற முடியாது, 2-இல் ரீபவுண்ட், 3-இல் அமுங்கும்போது வரும் எதிர்ப்பையும் சேர்த்து மாற்றலாம். ரீபவுண்டை மிகவும் இறுக்கினால் என்ன ஆகும்? அடுத்தடுத்து மேடு வரும் சாலையில், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கார் படிப்படியாகக் கீழே அமர்ந்துகொண்டே போய், கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். கைவசம் இருந்த கொஞ்ச டிராவலையும் நாமே தின்றுவிட்டோம். நடுவில் தொடங்கி, பழகிய ஒரே சாலையில் ஒரு நேரத்தில் இரண்டு கிளிக் மட்டும் மாற்றிப் பாருங்கள். அட்ஜஸ்ட்மென்ட் வேண்டாம், எதிர்ப்பை முன்பே சரியாக அமைத்து வரும் ஷாக் போதும் என்பவர்கள் பெரும்பாலும் சரியான முடிவையே எடுக்கிறார்கள்.

பம்ப் ஸ்டாப்பை "தட்டுது" என்று கழற்றி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் அடி நேராக ஷாக்கின் உள்ளே இருக்கும் பிஸ்டனுக்கும், மேலே அதைக் காரின் உடலோடு பிணைக்கும் ஸ்ட்ரட் மவுண்டுக்கும் போகும். லோயரிங் ஸ்பிரிங் கிட்டோடு வரும் குறிப்பில் ஸ்டாப்பை இத்தனை மி.மீ. வெட்டுங்கள் என்று இருந்தால் அதே அளவு வெட்டுங்கள், அல்லது கிட்டில் தரும் குட்டை ஸ்டாப்பைப் போடுங்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு டிராவல் மிஞ்சியிருக்கிறது என்று தெரிய எளிய வழி உண்டு. ஷாக்கின் தண்டு வெளியே தெரிந்தால் அதில் ஒரு கேபிள் டை கட்டி, ஷாக் உடலை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டுங்கள். டை நகர்ந்து நிற்கும் இடம்தான் அந்த வாரத்தின் மிகப் பெரிய அடி. அது தினமும் ஸ்டாப்பை அழுத்துகிறதென்றால் கார் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது.

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் இறக்குவதால் வரும் இன்னொரு விளைவு பலருக்கும் புதிதாக இருக்கும். சக்கரத்தின் அடிப்பக்கத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி சக்கரப் பக்கம் மேலே ஏறிவிட்டால், முன்பக்க ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் உடலைவிட அதிகமாக இறங்கும். அதனால் தாழ்ந்த கார் வளைவில் முன்பைவிட அதிகம் சாயப் பார்க்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வும் மாறுவதால் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டை நீளமாகப் போட்டு இதைச் சரிசெய்யும் கிட்கள் சில கார்களுக்கு உண்டு. உங்கள் காருக்கு இல்லையென்றால், ஆர்ம் கிடைமட்டமாக வரும் உயரத்தோடு நிறுத்துவதே நல்லது. போலோவை இரண்டாம் முறை செய்தபோது இறக்கிய அளவை 40-இலிருந்து 25 மி.மீ.க்குக் குறைத்துக்கொண்டேன். தோற்றத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான், ஓட்டும்போது அது வேறு கார்.

மாட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் நின்று ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லோயர் ஆர்ம், பின்சக்கரங்களைத் தாங்கும் பீம் ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் கார் தரையில் இறங்கியதும் புஷ் முறுகியபடியே நிற்கும், சில மாதங்களில் கிழியும். சக்கரம் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. கூடவே ஸ்ட்ரட் மவுண்டையும் பேரிங்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அதற்காகத் தனியாக ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றுவது வீண் செலவு.

இந்தியாவில் ஓட்டுபவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். வாங்கும் முன் ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்றே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இறக்கியதும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) மாறும், கேம்பர் மாறி சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள் ஓரம் யாரும் கவனிக்காமல் கம்பி தெரியுமளவுக்குத் தேயும். ஸ்பிரிங் படிந்து உட்கார ஆயிரம் கி.மீ. ஓட விட்டு, மறுபடி ஒருமுறை அலைன்மென்ட் பாருங்கள். அப்போதே ஹெட்லைட்டின் கோணத்தையும் சுவரில் அடித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.