“தண்ணி சரியா வரல”: போர் மோட்டார் கோளாறு பிடிபட்ட விதம்

1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள், அதாவது போர்வெல் நீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார். புகார் “தண்ணி சரியா வரல” என்பது மட்டும்தான். அதை நம்பி கெப்பாசிட்டரும் (மோட்டார் கிளம்ப உதவும் மின்பாகம்) ஸ்டார்ட்டர் பெட்டியும் மாற்றியாயிற்று, பலனில்லை. அடுத்து ரீவைண்டிங் (மோட்டாரின் செம்புச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது) என்றார்கள்.

“சரியா” என்ற சொல்லையே விலக்கிவிட்டு, நடப்பதை வினைச்சொற்களில் எழுதிப் பார்த்தேன். உறுமிவிட்டு நிற்கிறதா? கெப்பாசிட்டரைப் பார்க்கலாம். நன்றாக ஓடி, பிறகு திக்கித்திக்கிக் காற்றைக் கக்குகிறதா? ஊற்று குறைந்து நீர்மட்டம் இறங்குகிறது. எந்நேரமும் மெலிந்தே வருகிறதா? நீரை மேலே தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது வடிகட்டி அடைத்திருக்கும்.

இங்கே பொருந்தியது வேறு: தாமதமாக வருகிறது, வந்தபின் முழு வேகத்தில் கொட்டுகிறது. அணைத்த கையோடு மறுபடி போட்டால் தாமதமே இல்லை. இரவு முழுக்க ஓய்ந்திருந்தால்தான் காக்க வைக்கிறது. அதாவது, குழாயில் நிற்கவேண்டிய நீர் மெல்ல வடிகிறது.

வடிவது எங்கே? அணைத்ததும் கேசிங் (போர் துளையின் வெளிக்குழாய்) வாயில் காது வைத்தேன். நீர்மட்டத்துக்கு மேலே குழாய் ஓட்டையாக இருந்தால் உள்ளே நீர் சிந்தும் சலசலப்பு கேட்கும், கேட்கவில்லை. தொட்டிக் குழாயின் வாயில் ஈரக் காகிதத்தைப் பொருத்தினேன். அது உள்வாங்கி ஒட்டிக்கொண்டது. நீர் கீழ்வழியாக இறங்குகிறது, ஆக, ஏறிய நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு மீதுதான் சந்தேகம்.

மோட்டாரைத் தூக்கினால் வால்வின் ரப்பர் ஓரம் நைந்து, அது அமர்ந்து மூடும் இடத்தில் மணல் சிக்கியிருந்தது. 1¼ அங்குலப் பித்தளை வால்வு போட்டதும் தண்ணீர் உடனே ஏறியது. அப்பாடா! தூக்கிய கையோடு மோட்டாரைத் தாங்கும் பழைய நைலான் கயிற்றையும் மாற்றிவிடுங்கள்.