‘ஐ.எம்.எஃப். சொன்னது’, ‘ஐ.நா. முடிவெடுத்தது’: உலக அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச நாணய நிதியமும் (ஐ.எம்.எஃப்.) உலக வங்கியும் ஒரே கூட்டத்தில் உருவானவை. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடி இரண்டுக்கும் வடிவம் கொடுத்தன. இரண்டின் தலைமையகமும் வாஷிங்டனில் இருப்பதால் ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டிவிடுகிறோம். ஆனால் வேலை வேறு. சாலை, குடிநீர், பள்ளி போன்ற நீண்டகாலப் பணிகளுக்குக் கடன் தருவது வங்கி. இறக்குமதிக்குக் கட்ட டாலர் இல்லாமல் கையைப் பிசையும் நாட்டுக்கு நிபந்தனையோடு கடன் தருவது நிதியம்.

இதைவிடப் பெரிய தவறு, ‘ஐ.எம்.எஃப். வரியை ஏற்றிவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. இலங்கையையே பாருங்கள். 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டியது அந்நாட்டு அரசு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்ததும் அதே அரசுதான். 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலருக்கான நான்காண்டுத் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் தந்தது; பணம் தவணை தவணையாகத்தான் வரும். அந்த ஒப்புதலும், கடன் கொடுத்திருந்த இந்தியா, ஜப்பான், சீனா போன்ற நாடுகள் கடனைச் சீரமைக்க உறுதி கொடுத்த பிறகே கிடைத்தது. 2024 ஜனவரியில் வரி 18 சதவீதமானது.

அரசின் வருவாயைக் கூட்ட வேண்டும் என்பது நிதியத்தின் நிபந்தனை. வரியைச் சட்டமாக்கியது நாடாளுமன்றம். நிதியத்தை மட்டும் திட்டினால் 2019இல் வரியை வெட்டியவர்கள் தப்பிவிடுகிறார்கள். ஆட்சியாளரை மட்டும் திட்டினால், ஏழையும் பணக்காரரும் கடையில் ஒரே விகிதத்தில் கட்டும் வரிக்கு இசைந்த நிதியம் தப்பிவிடுகிறது. ஏறிய வரியையும் மின்கட்டணத்தையும் கட்ட முடியாமல் கலங்கியவர்களுக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று நினைப்பதும் தவறு. நிதியத்தில் பங்குத்தொகைக்கு ஏற்பவே வாக்கு. அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீதம் இருக்கிறது, இந்தியாவிடம் 2.6 சதவீதம். மிக முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீதம் தேவை என்பதால் அமெரிக்கா ஒன்று மறுத்தாலே எதுவும் நகராது. 2010இல் ஒப்புக்கொண்ட பங்கீட்டுச் சீர்திருத்தம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் சம்மதத்துக்காகக் காத்துக் கிடந்து 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பெரிய பொருளாதாரங்கள் கூடும் ஜி20 அமைப்புக்கு நிரந்தரச் செயலகமோ சாசனமோ கிடையாது. அதன் அறிக்கை எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. டாவோஸில் கூடும் உலகப் பொருளாதார மன்றம் அரசுகளின் அமைப்பே அல்ல, சுவிட்சர்லாந்தில் பதிவான ஓர் அறக்கட்டளை. இவற்றில் பேசப்படுவதை ‘உலக நாடுகளின் முடிவு’ என்று எழுதக் கூடாது.

என்னை மிகவும் வருத்துவது ஜெனீவா பற்றிய குழப்பம்தான். ‘இலங்கைக்கு எதிராக ஐ.நா. தீர்மானம்’ என்ற தலைப்பைப் படிப்பவர், போர்க்காலக் குற்றங்கள் மீது நாளையே விசாரணை தொடங்கும் என்று நம்புகிறார். தீர்மானம் வந்தது ஜெனீவாவில் கூடும், 47 நாடுகள் கொண்ட ஐ.நா. மனித உரிமைகள் பேரவையிலிருந்து. அதனால் தடை விதிக்க முடியாது, யாரையும் கூண்டில் ஏற்றவும் முடியாது. 2015 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது, அதாவது முன்மொழிந்த நாடுகளோடு சேர்ந்துகொண்டது; 2020இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. 2021 தீர்மானம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க வழி செய்தது. அது சிறிய வேலையல்ல. ஆனாலும் அது நீதிமன்றம் ஆகிவிடாது. ஹேகில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கை உறுப்பு நாடு அல்ல. அந்த நிலையில் வழக்கை அங்கே அனுப்பும் அதிகாரம் ஐ.நா. பாதுகாப்புச் சபையிடம் இருக்கிறது. அந்தச் சபையில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் எவர் வேண்டுமானாலும் தடுத்துவிடலாம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்கில் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் அந்தத் தலைப்பைப் படிக்கிறார்கள். அதனால் ‘ஐ.நா.’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அவை, அதனால் என்ன செய்ய முடியும் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.