‘ரேங்கரஸ்’: வன்மத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல்

தேர்தல், சொத்துத் தகராறு, விவாகரத்து என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதும் இடங்களில் ‘ரேங்கரஸ்’ அடிக்கடி தலைகாட்டும். ‘கோபமான’ என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதாது.

படி 1: எழுத்து

ஆர், ஏ, என், சி, ஓ, ஆர், ஓ, யூ, எஸ். அழுத்தம் முதல் அசையில். ‘ரேங்கர்’ என்ற பெயர்ச்சொல்லில் பிரிட்டிஷ்காரர்கள் கடைசி ஆருக்கு முன்னால் ஒரு யூ போடுவார்கள். பெயரடையில் அந்த யூ அவர்களுக்கும் கிடையாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

படி 2: பொருள்

லத்தீனில் ‘ரேங்கர்’ என்றால் காறல் நாற்றம். கெட்டுப்போன எண்ணெயைச் சொல்லும் ‘ரேன்சிட்’டும் அதே குடும்பம். எண்ணெய் ஒரே நாளில் காறுவதில்லை. கிடந்து கிடந்துதான் காறும். பஸ்ஸில் காலை மிதித்தவர் மேல் வரும் எரிச்சலுக்கு ‘ஆங்க்ரி’ போதும். பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி, வருஷங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வாய்த்தகராறில் இறங்கி, கிணற்றுப் பங்கு வரைக்கும் பழைய கணக்கைக் கிளறுகிறார்களே, அந்தப் பேச்சு ரேங்கரஸ்.

படி 3: எதோடு சேரும்?

டிபேட், டிஸ்ப்யூட், கேம்பெய்ன். ‘ஹி இஸ் ரேங்கரஸ்’ என்பது இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆளைச் சொல்ல ‘பிட்டர்’, ‘ரிசென்ட்ஃபுல்’ இரண்டும்தான் இயல்பாக வரும்.

படி 4: வாக்கியத்தில் வைப்பது

1800 அமெரிக்க அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் ஒருகாலத்து நண்பர்கள். இரு தரப்புப் பத்திரிகைகளும் வசைமாரி பொழிந்தன. தோற்ற ஆடம்ஸ், 1801 மார்ச் 4 அன்று ஜெஃபர்சன் பதவியேற்பதைப் பார்க்க நிற்காமல் விடியுமுன்னே வாஷிங்டனை விட்டுக் கிளம்பிவிட்டார்.

‘இட் வாஸ் எ ரேங்கரஸ் கேம்பெய்ன்.’

1812 புத்தாண்டு அன்று ஆடம்ஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நட்பு துளிர்த்து, 1826 வரை கடிதப் போக்குவரத்து நீண்டது. இங்கே பெயர்ச்சொல் கைகொடுக்கும்: ‘தே ரோட் வித்அவுட் ரேங்கர்.’ பேச்சில் நான் அதிகம் பரிந்துரைப்பது இந்த ‘வித்அவுட் ரேங்கர்’தான், கச்சிதமானது.

படி 5: பயிற்சி

இரண்டில் எதற்கு ‘ரேங்கரஸ்’ பொருந்தும்? ஆட்டோ கட்டணத்துக்காக ஐந்து நிமிட வாக்குவாதம்; பல வருஷமாக வாய்தா வாங்கி இழுக்கும் பங்காளிகள் வழக்கு. இரண்டாவது என்றால் சரி. முதலாவதற்கு ‘ஹீட்டட்’ போதும்.