கரிமருந்துத் துப்பாக்கியைக் கழுவும் முறை

சுட்டு முடித்த அன்றே கழுவிவிடுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி, மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் மேல் எனக்குச் சிறுவயதிலிருந்தே தீராத ஆசை. நூறு வயதைத் தாண்டியும் உள்புறம் பளபளக்கும் குழல்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய சில மாதங்களிலேயே உள்ளே குழி விழுந்த புதுக் குழல்களையும் பார்த்திருக்கிறேன். எல்லாம் கழுவுவதில் இருக்கிறது.

கரிமருந்து, அதாவது இந்தத் துப்பாக்கிகளில் போடும் பழைய வகைக் கறுப்பு வெடிமருந்து, எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாகவே மிஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு போன்ற உப்புகள் அதில் அதிகம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிப்பவை அவைதான். ஆனால் அந்த உப்புகள் தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் முதலில் தண்ணீர், கடைசியில்தான் எண்ணெய். அழுக்கின் மேல் பெட்ரோலிய எண்ணெயைத் தடவினால் இரண்டும் சேர்ந்து தார் போல ஒட்டிக்கொள்ளும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளுக்கும் இதே கதிதான், அவையும் அரிக்கும்.

தொடங்கும் முன் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். கெட்டிக்கும் கோலில் காலிக் குழலுக்கான அடையாளக் கோடு ஒன்று போட்டு வைத்திருக்க வேண்டும். கோலை அடிவரை இறக்கினால் அந்தக் கோடு குழல் வாயோடு சேர வேண்டும். சேராவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. மேற்கொண்டு எதையும் கழற்றாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

என்னுடையது .50 அங்குலக் குழல்துளை உள்ள ஹாக்கன் வகை, கேப் (தட்டினால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடுவது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கிகளின் வழியில் வந்தது. குழலை மரக்கட்டையோடு பிணைக்கும் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் மரக்கட்டையிலிருந்து தனியே வந்துவிடும். கேப் மாட்டும் துளையுள்ள சிறு முனையான நிப்பிளைக் கழற்றிவிட்டுக் குழலின் பின்முனையை ஒரு வாளித் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும். கோலின் நுனியில் ஈரத் துணியை மாட்டி மேலும் கீழும் இழுங்கள். நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் குழலுக்குள் ஏறி இறங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், தண்ணீர் கறுத்துவிடும். தண்ணீரை மாற்றி, துணி வெள்ளையாக வரும்வரை தொடருங்கள். கொதிநீர் ஊற்றுவது பழைய வழக்கம், இன்றும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் குழல் சூடேறினால் உள்ளே மெல்லிய செந்துரு உடனே படர்ந்துவிடுகிறது. எனக்கு வெதுவெதுப்பான நீர்தான் சரி.

பென்சில்வேனியா நெடுந்துப்பாக்கி போல ஊசிகளால் குழலைப் பிணைத்தவற்றை ஒவ்வொரு முறையும் பிரிக்காதீர்கள், மரம் சேதமாகும். மருந்துக்குத் தீ போகும் பக்கத் துளையைப் பல்குத்தும் குச்சியால் அடைத்து, குழலுக்குள் தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டுக் கவிழ்த்தால் போதும்.

சுடும் பொறியமைப்பான லாக்கைக் கழற்றும்போது, அதிலுள்ள ஹாமர் (கேப்பைத் தட்டும் சுத்தியல்) பாதி இழுத்த நிலையில் இருக்கட்டும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

அப்புறம் குழலை உலர்த்துவது. உலர்ந்த துணி ஈரமில்லாமல் வெளியே வரும்வரை விட்டெடுங்கள். பிறகுதான் எண்ணெய். நான் 1904 முதல் தயாராகும் பாலிஸ்டாலைத்தான் விரும்புகிறேன், அது தண்ணீரோடும் கலக்கும் என்பதால். நிப்பிள் மரைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள், இறுக்கித் திருகாதீர்கள். துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். இல்லையென்றால் எண்ணெய் பின்முனையில் போய்த் தேங்கும்.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மறுபடி துடைத்து எண்ணெய் இடுங்கள். பலர் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில், 1933-இல் தொடங்கிய தேசிய மஸில் லோடிங் (வாய்வழியாகக் கெட்டிக்கும்) ரைஃபிள் சங்கத்தின் களத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். இந்தக் கலையை உயிராக நினைப்பவர்களை அங்கே பார்க்கலாம்.

அடுத்த முறை களத்தில் கெட்டிக்கும் முன் உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்தெடுங்கள். பின் காலித் துப்பாக்கியின் வாயை, சுடும் திசையிலேயே, ஒரு புல்லின் அருகே வைத்து வெறும் கேப்பை மட்டும் வெடியுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளைக் கழற்றி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி ஒரு கேப் வெடித்துப் பார்த்தபின் கெட்டியுங்கள்.